மணியோசை முன்னே வரட்டும்

இல்லமும் விஞ்ஞானமும்



"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. யானையின் கழுத்தில் மணியைக் கட்டியவன் அதை வெறும் அலங்காரமாகக் கருதியிருக்க மாட்டான். குறுகிய தெருவிலே விளையாடும் குழந்தை ஒதுங்கிக் கொள்ளவும், தலையில் கூடையுடன் வரும் மூதாட்டி திண்ணையேறி நிற்கவும் அவகாசம் வேண்டும்; அந்த அவகாசத்தைத் தருவதற்காகவே மணி ஒலித்தது. கேட்பவர்க்கு முன்கூட்டியே ஒரு செய்தியைச் சேர்ப்பதுதான் மணியின் தொழில்.

அந்த மணியின் இன்றைய பேரப்பிள்ளையைப் பற்றி இத்திங்கள் பேசலாம் என்று எண்ணுகிறோம். பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் மின்னணுப் பொருள்களை வாங்கி வந்து, மேசை முழுவதும் கம்பிகளைப் பரப்பி, ஏதேனும் ஒரு கருவியைச் செய்து பார்க்கிறார்கள். விளக்கு எரிகிறது, எண்கள் தெரிகின்றன. கடைசியில் "இதற்கு ஒரு பஸ்ஸரும் வைத்துவிடலாம்" என்று சொல்லி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்பு உருளையைச் சேர்க்கிறார்கள். அது 'கீ' என்று கத்துகிறது. பிள்ளைக்கு மகிழ்ச்சி, பக்கத்து அறையில் உறங்குபவர்க்குத் தொல்லை. இரண்டு நாளில் பஸ்ஸர் கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இவ்வாறு முடிவதற்குக் காரணம் என்ன? பஸ்ஸரைக் கம்பியிலிருந்து தொடங்கிச் சிந்திக்கிறோம். அதைக் கேட்கப்போகும் காதிலிருந்து தொடங்குவதில்லை. யார் கேட்க வேண்டும், எங்கிருந்து கேட்க வேண்டும், கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகு கம்பியைத் தொட்டால், அந்தச் சிறு பொருள் ஒரு குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய காவலாளி ஆகிவிடும்.

மணியும் மாநகரமும்

திருவாரூரை ஆண்ட மனுநீதிச் சோழனின் கதையைப் பெரிய புராணத்தின் வாயிலாக நாம் அறிவோம். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் மணியை அசைத்தது. மன்னன் எழுந்து வந்தான். அந்த மணி சிறந்த மணியாக விளங்கியதற்கு அதன் நாதம் காரணமாகாது. வாயற்ற பசுவுக்கும் எட்டும் இடத்தில் அது தொங்கியது. அரசனின் காதுக்கு அதன் ஒலி சென்றது. ஒலித்தால் "எவருக்கோ நீதி வேண்டும்" என்று பொருள் என்பது அரசனுக்குத் தெரிந்திருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது வெறும் வெண்கலமே.

இப்போது நாம் வாழும் புணே நகரத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் காலை, கட்டுமானம் முற்றுப்பெறாத பான்ஷேத் அணை உடைந்தது. முந்தைய இரவெல்லாம் இராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கி அணையைத் தாங்கிப் பிடிக்க அரும்பாடுபட்டனர். பான்ஷேத்தின் வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் அன்றே உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. முட்டா நதிக்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின, பலர் உயிரிழந்தனர், பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. புணேயின் பழங்குடிகள், நம் தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்கள் உட்பட, ஆண்டுகளை இன்னும் "பான்ஷேத்துக்கு முன், பான்ஷேத்துக்குப் பின்" என்று கணக்கிடுவதுண்டு.

2024ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், கனமழையும் கடக்வாஸ்லாவிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து, சிம்மகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரிப் பகுதியின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முன்னறிவிப்பு தக்க நேரத்தில் தங்களை வந்து எட்டவில்லை என்பதே அங்கே குடியிருந்தோரின் முறையீடாக இருந்தது. அறிவிப்பு ஒன்றைப் பிறப்பிப்பது ஒரு காரியம். அது உறங்குகிறவரின் காதைச் சென்று சேர்வது வேறொரு காரியம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குப் புலப்படுத்துகிறது.

மேசைமேல் இருக்கும் பஸ்ஸர் அணையைக் காக்கப் போவதில்லை. ஆயினும் எச்சரிக்கை ஒலி எதுவாயினும் அதற்குரிய இலக்கணம் ஒன்றுதான்: எட்ட வேண்டும், புரிய வேண்டும், நேரத்தில் வர வேண்டும். இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே பழகிக்கொள்ள ஒரு பஸ்ஸர் போதுமானது.

உள்ளே இருப்பது என்ன?

1880ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ஜாக் க்யூரி, பியேர் க்யூரி என்ற சகோதரர் இருவர், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் தன் வடிவில் சற்றே மாறும் என்ற மறுதலை விளைவும் மறு ஆண்டிலேயே உறுதியாயிற்று. இன்றைய பீங்கான் பஸ்ஸர் இந்த விளைவின் குழந்தை. மெல்லிய பித்தளைத் தட்டின்மீது ஒரு பீங்கான் வில்லை ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் மாறி மாறிச் செல்லும்போது வில்லை விரிந்து சுருங்கும், தட்டு வளைந்து நிமிரும், காற்று அதிரும், நாம் ஒலி கேட்கிறோம். இன்னொரு வகையில் படிகம் இல்லை. சிறு கம்பிச் சுருளும் காந்தமும் சேர்ந்து ஓர் உலோகத் தகட்டை ஆட்டுகின்றன. பிள்ளைகள் பெரும்பாலும் வாங்கும் 12 மில்லிமீட்டர் கறுப்பு உருளை இந்தக் காந்த வகையைச் சேர்ந்தது.

வாங்கும்போது அறிய வேண்டிய வேற்றுமை வேறொன்றும் உண்டு. ஒருவகை பஸ்ஸருக்குள் அதிர்வை உண்டாக்கும் சிறு சுற்று உள்ளேயே அமைந்திருக்கும். பாட்டரியைத் தொட்டதும் தன் ஒரே சுருதியில் ஒலிக்கும். இதைக் கடைக்காரர்கள் 'ஆக்டிவ்' என்பர். மற்றொரு வகைக்குச் சொந்தச் சுருதி கிடையாது. நாம் எத்தனை அதிர்வு கொடுக்கிறோமோ அத்தனை சுருதியில் பாடும். இதன் பெயர் 'பாஸிவ்'. முன்னது தெரிந்த ஒரே பாட்டைப் பாடும் பாடகர். பின்னது சொல்லிக் கொடுத்ததைப் பாடும் மாணவர். இரண்டையும் பிரித்தறிவது எளிது. மூன்று பென்சில் பாட்டரிகளை வரிசையாகச் சேர்த்து 4.5 வோல்ட்டைக் கொடுங்கள். தொடர்ந்து ஒலித்தால் ஆக்டிவ். தொடும்போதும் எடுக்கும்போதும் 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தால் பாஸிவ்.

புணேயில் இவற்றை வாங்க விரும்புவோர்க்குப் புதவார் பேட்டையைவிட நல்ல இடமில்லை. பாசோட்யா விட்டோபா கோவிலின் சுற்றுப்புறத்திலும் தப்கீர் கல்லியிலும் மின்பொருள், மின்னணுக் கடைகள் நெருங்கியுள்ளன. பிள்ளையைத் தனியே அனுப்பாமல் உடன் சென்று, தானே மராத்தியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விஞ்ஞானத்துடன் ஊர்மொழியும் வளரும். பழுதான பொம்மையிலிருந்து கழற்றிய பஸ்ஸரும் நன்றாகவே உழைக்கும். எறியப்படும் பொருளிலிருந்து விஞ்ஞானம் கற்கலாம் என்பதை நம் நகரத்து ஐயூகா நிலையத்தின் முக்தாங்கண் சிறுவர் விஞ்ஞானக் கூடத்தில் பல்லாண்டு பணியாற்றிய அரவிந்த் குப்தா எண்ணற்ற பொம்மைகளால் நாட்டுக்கே எடுத்துக்காட்டினார். ஆனால் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் சாதனங்களைப் பிள்ளைகள் பிரிக்கலாகாது. இணைப்பை எடுத்த பின்னும் அவற்றுள் சில பாகங்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இணைக்கும் முறை

ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகையின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பதே முறை. 40 என்பது மீறக்கூடாத எல்லை. காந்த வகை பஸ்ஸரோ சுமார் 30 மில்லி ஆம்பியர் கேட்கும். நேராக இணைத்தாலும் ஒலிக்கத்தான் செய்யும். சுமைக்கு மீறிப் பாரம் ஏற்றிய மாடும் சில மைல் நடக்கத்தான் செய்கிறது, அதற்காக ஏற்றலாமா? இடையே ஒரு டிரான்ஸிஸ்டரை வைப்பதே நியாயம்.

பி.சி. 547 என்ற டிரான்ஸிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என மூன்று கால்கள். எமிட்டரைப் பூமி இணைப்பில் சேர்க்க. பேஸை ஒரு கிலோ ஓம் தடை வழியாகப் பலகையின் காலுடன் சேர்க்க. பஸ்ஸரின் '+' முனை 5 வோல்ட்டுக்கும், மறுமுனை கலெக்டருக்கும் செல்க. காந்த வகையானால் அதன் இரு முனைகளுக்கிடையே ஒரு டயோடையும் வைக்க வேண்டும். டயோடின் கோடு போட்ட பக்கம் '+' முனையில் இருக்கட்டும். கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தும்போது எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்ஸிஸ்டரைத் தாக்காமல் இந்த டயோடு காக்கும்.

இவ்வளவு வேலையும் முன்கூட்டியே செய்யப்பட்டு, மூன்று கால்களுடன் சிறு பலகையாக விற்கப்படுவதே பஸ்ஸர் மாட்யூல். ஒரு காலுக்கு மின்சாரம், ஒன்றுக்குப் பூமி, மூன்றாவதற்குக் கட்டளை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவற்றுள் பல மாட்யூல்கள் கட்டளைக் கால் தாழ்நிலையில் இருக்கும்போது ஒலிக்கும், உயர்நிலையில் மௌனமாகும். உலக வழக்கத்துக்கு இது தலைகீழாகத் தோன்றும். இது தெரியாமல் நிரல் எழுதிய பிள்ளை, "அணை என்றால் அலறுகிறது, அலறு என்றால் அணைகிறது" என்று திகைப்பான். அத்தகைய மாட்யூலுக்கு நிரலின் முதல் வரியிலேயே கட்டளைக் காலை உயர்நிலையில் வைத்துவிட்டால், கருவியை இயக்கியதும் வீணாக அலறாது.

3.3 வோல்ட்டில் இயங்கும் ஈ.எஸ்.பி. 32 போன்ற பலகையுடன், தாழ்நிலையில் ஒலிக்கும் மாட்யூலை இணைப்பவர்கள் மாட்யூலுக்கும் 3.3 வோல்ட்டையே கொடுக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால், பலகையின் உயர்நிலை அதைவிட 1.7 வோல்ட் தாழ்ந்திருப்பதால் டிரான்ஸிஸ்டர் முழுதாக மூடாது. பஸ்ஸர் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். கடையில் பழுதென்று திருப்பித் தரப்படும் மாட்யூல்களில் சில உண்மையில் பழுதற்றவை.

எட்டுகிறதா?

இனி நம் மூன்று இலக்கணங்களுக்கு வருவோம். முதலாவது, ஒலி எட்டுகிறதா என்பது. பஸ்ஸரின் விவரத் தாளில் "85 டெசிபல்" என்று கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது 10 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்த கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 குறையும். ஆகவே ஒரு மீட்டரில் அது 65. நான்கு மீட்டரில் சுமார் 53. இடையில் மூடிய கதவு இருந்தால் மேலும் குறையும். அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது இந்த ஒலி யார் காதில் விழும்? அத்தகைய இடத்திற்கு 3 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் பெரிய பீங்கான் பஸ்ஸரை, 9 அல்லது 12 வோல்ட் கொடுத்துச் சுவரில் திருகி வைப்பது நலம். அதையும் கருவியின் அருகில் வைக்காமல், கேட்பவர் இருக்கும் அறையில் வைக்க வேண்டும். கம்பி நீளலாம், காது நீளாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டனாரோ பாட்டியாரோ இருக்கிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், பேரன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை, மொழி அறியாத ஊரில், ஐந்தாம் மாடியில், அவர்கள் தனித்திருக்கிறார்கள். பிறருக்குக் கேட்கும் எச்சரிக்கை அவர்களுக்கும் கேட்கிறதா என்று எத்தனை பேர் சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

முதுமையில் செவிப்புலன் குறையும்போது உயர்ந்த சுருதிகளே முதலில் மறைகின்றன. சாதாரண பஸ்ஸர் பாடுவதோ வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த சுருதி. இளஞ்செவிக்கு இது மிகக் கூர்மையாகக் கேட்கும். முதிய செவிக்கு மங்கிவிடும். புகையறியும் கருவிகளைப் பற்றி மேனாட்டில் நடந்த ஆராய்ச்சிகளில், உறங்கும் முதியோரை எழுப்புவதற்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய கூரிய ஒலியைவிட, 520 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த சதுர அலை ஒலியே மிகுந்த பயனளிக்கிறது என்று கண்டனர். அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதித் தொகுப்பு, விடுதிகள் போன்றவற்றின் உறங்கும் அறைகளுக்கு 2014 முதல் அந்தத் தாழ்ந்த ஒலியையே வற்புறுத்துகிறது.

ஆகவே பாட்டியாருக்காகக் கருவி செய்யும் பேரன், சிறு பஸ்ஸரை விட்டுவிட்டு, ஒரு சிறிய ஒலிபெருக்கி மாட்யூலையும் 8 ஓம் ஸ்பீக்கரையும் வாங்கி, ஆர்டுயினோவின் 'டோன்' கட்டளையால் 520 அதிர்வுகளை எழுப்பட்டும். சிறு பீங்கான் வில்லை இந்தத் தாழ்ந்த சுருதியைப் பலமாகப் பாட வல்லதன்று. ஸ்பீக்கரைப் பலகையின் காலில் நேராக இணைப்பதும் தகாது. கருவியை முடித்தபின் அவர் வழக்கமாக அமரும் நாற்காலியில் அவரை அமரச் செய்து, கதவைச் சாத்தி, தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, "பாட்டி, கேட்கிறதா?" என்று சோதிக்கட்டும். "ஏதோ கேட்கிறாற்போலிருக்கிறது, கண்ணா" என்ற விடை போதாது. பேரன் மனம் நோகக் கூடாதென்று சொல்லும் சொல் அது. எத்தனை முறை ஒலித்தது என்று கேளுங்கள். சரியாக எண்ணிச் சொன்னால்தான் ஒலி எட்டியது என்று பொருள். அறவே செவிப்புலன் இல்லாதவர்க்கு ஒலியுடன் பளிச்சிடும் விளக்கும் வேண்டும்.

புரிகிறதா?

இரண்டாவது இலக்கணத்தை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிரஷர் குக்கரின் விசிலை வைத்து, சோற்றுக்கு எத்தனை, பருப்புக்கு எத்தனை, கொண்டைக்கடலைக்கு எத்தனை என்று ஒரு மொழியையே அவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒரே ஒலி, எண்ணிக்கையால் பொருள் மாறுகிறது. பஸ்ஸருக்கும் அவ்வாறே மொழி வகுக்க வேண்டும். குறுகிய ஒற்றை ஒலி என்றால் "கட்டளை ஏற்றேன்". இரண்டு என்றால் "வேலை முடிந்தது". இடைவிடாத மூன்று மூன்றான ஒலி என்றால் "உடனே எழுந்து வருக". ஒரு வீட்டுக்கு இத்தகைய மூன்று சொற்களே போதும். அதற்கு மேற்பட்டால் நெருக்கடியில் எவர் நினைவிலும் நிற்காது. அந்த மொழியைத் தமிழில் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கருவியின் அருகில் ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒலிக்கும் பஸ்ஸர் எதற்கும் ஒலிக்காத பஸ்ஸரே. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை நாமறிந்ததுதானே. சும்மா இருக்கும் நேரத்தில் சும்மா இருப்பதே நல்ல காவலாளிக்கு அழகு.

நேரத்தில் வருகிறதா?

மூன்றாவது இலக்கணத்தில் நிரல் எழுதும் பிள்ளைகள் வழுக்குவதுண்டு. 'டிலே' என்ற கட்டளையால் ஒரு வினாடி ஒலி, ஒரு வினாடி மௌனம் என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டளை நடக்கும்போது பலகையின் நிரல் வேறெதையும் கவனிப்பதில்லை. பத்து வினாடி ஒலிக்கச் சொன்னால், அந்தப் பத்து வினாடியும் பொத்தானை அழுத்தினாலும் அறியாது. நிலைமை மாறினாலும் அறியாது. கூவும்போது கண்ணை மூடிக்கொள்ளும் காவற்காரனை எவர் வேலைக்கு வைப்பார்? 'மில்லிஸ்' என்ற கட்டளையால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒலியை மாற்றும் முறையைக் கற்றுக்கொண்டால், கருவி கூவியபடியே கவனிக்கவும் செய்யும்.

ஒரு முழுக் கருவி

மேலே கூறியவற்றை ஓர் எளிய கருவியில் பொருத்திக் காட்டுவோம். புணேயின் குழாய்களில் வரும் நீர் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய அணைகளை நம்பியது. அன்று நகரத்தை அழித்த அதே பள்ளத்தாக்கின் நீர்தான் இன்று நம்மை வாழ்விக்கிறது. அதனைக் காலையில் மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டு, மறந்து, மொட்டைமாடியில் வழியவிடும் வீடுகள் எத்தனை! தொட்டி நிறைந்ததும் கூவும் கருவிக்கு ஆர்டுயினோகூட வேண்டியதில்லை.

தேவையானவை: ஒரு மிதவை ஸ்விட்ச், 5 வோல்ட் ஆக்டிவ் பஸ்ஸர் ஒன்று, மூன்று பென்சில் பாட்டரிகளும் அவற்றுக்கான கூடும், வேண்டிய நீளத்துக்கு இரட்டைக் கம்பி. பாட்டரியின் '+' முனையிலிருந்து மிதவை ஸ்விட்ச்சுக்கும், அங்கிருந்து பஸ்ஸரின் '+' முனைக்கும், பஸ்ஸரின் மறுமுனையிலிருந்து பாட்டரிக்கும் கம்பி செல்லட்டும். பஸ்ஸரும் பாட்டரியும் அடுக்களைச் சுவரில். தொட்டிக்குச் செல்வது கம்பி மட்டுமே. நீர் உயர்ந்தால் மிதவை எழும், உள்ளிருக்கும் காந்தம் தொடுப்பை மூடும், பஸ்ஸர் ஒலிக்கும். ஒலிக்கும்போது மட்டுமே பாட்டரி செலவாவதால் நெடுநாள் உழைக்கும். மேலே ஏறும் முன், ஒரு வாளி நீரில் மிதவையை அமிழ்த்திச் சோதியுங்கள். நீர் இல்லாதபோது ஒலித்தால் மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் சரியாகும். மிதவையை நீர் வழியும் விளிம்பில் வைக்காமல் நான்கு விரல் தாழ்த்தி வையுங்கள். மோட்டாரை நிறுத்த நடந்து செல்லும் நேரத்துக்கான அவகாசம் அது. வீட்டு மின்சாரக் கம்பி எதையும் தொட்டியருகே கொண்டு செல்லலாகாது.

மிதவைக்குப் பதிலாக இரண்டு வெறுங்கம்பிகளை நீரில் தொங்கவிடும் முறையும் வழக்கில் உண்டு. ஒரே திசையில் மின்சாரம் ஓடுவதால் கம்பி அரித்துப் போகும். சில மாதங்களில் கருவி ஊமையாகிவிடும். குடிநீர்த் தொட்டியில் அது வேண்டாம்.

ஆர்டுயினோவுடன் செய்யும் மூத்த பிள்ளைகள் ஒரு மௌனப் பொத்தானையும் சேர்க்கலாம். ஆனால் அது ஐந்து நிமிட மௌனத்தை மட்டும் தரட்டும். அதற்குப் பின்னும் தொட்டி நிறைந்தே இருந்தால் மறுபடி கூவட்டும். முழுதாக வாயடைக்கும் ஸ்விட்ச்சை வைத்தால், எரிச்சலில் அடைத்தவர் திறக்க மறப்பார். தேவைப்படும் நாளில் மணி ஒலிக்காது.

இதே பஸ்ஸருக்கு மிதவைக்குப் பதிலாகக் கட்டிலருகே ஓர் அழுத்து பொத்தானை வைத்தால், அது பாட்டியாரின் அழைப்பு மணி. இரவில் எழுந்திருக்க இயலாதபோது "அப்பா, இங்கே வா" என்று குரலெழுப்பத் தயங்குபவர்களும் பொத்தானை அழுத்தத் தயங்கமாட்டார்கள். அவர்கள் விரலுக்கு எட்டும் இடத்தில், இருளிலும் தடவி அறியும்படி அது இருக்கட்டும். அழுத்தியதும் அவர்கள் பக்கத்திலும் சிறு விளக்கு ஒன்று எரிந்தால், தம் அழைப்பு சென்றது என்ற ஆறுதல் அவர்களுக்கு உண்டாகும். திருவாரூர் மணி பசுவுக்கு எட்டும் இடத்தில் தொங்கியதை நினைவிற் கொள்க.

சில எச்சரிக்கைகள்

பிள்ளைகள் செய்யும் கருவியை எரிவாயுக் கசிவுக்கோ தீக்கோ ஒரே காவலாக நம்பலாகாது. அவற்றுக்குத் தரச்சான்று பெற்ற கருவிகளே உரியவை. பீங்கான் வில்லைகளில் ஈயம் கலந்திருப்பதால் அவற்றை உடைப்பதும் தேய்ப்பதும் கூடாது. காசு போன்ற சிறு பாட்டரிகளைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவை கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். பஸ்ஸரைக் காதருகே வைத்துச் சோதிக்க வேண்டாம். எந்த எச்சரிக்கைக் கருவியாயினும் மாதம் ஒரு முறை, ஒன்றாந்தேதி என்று வைத்துக்கொண்டு, ஒலிக்கச் செய்து பாருங்கள். பாட்டரி தீர்ந்ததை அது தானாக வந்து சொல்லாது.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளை பஸ்ஸர் வாங்கக் காசு கேட்டால் தயங்காது கொடுங்கள். கொடுக்கும்போது, "இது யாருக்குக் கேட்க வேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி அவன் மேசையை விட்டு எழுந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் சென்று நிற்பான். பாட்டிக்குக் கேட்பதில்லை என்பதையும், அம்மா காலையில் எத்தனை முறை மாடியேறுகிறாள் என்பதையும் அன்றுதான் அறிவான். பஸ்ஸர் அதன் பின்னர் ஒலித்தால் போதும்.